கியர் இல்லாதது மட்டும்

என் உரிமத்தில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது.
பத்தொன்பது வயதில், திருவாரூர் அலுவலகத்தில்,
என்னைக் கேட்காமலே ஒருவர் போட்ட டிக்.
பொம்பளப் புள்ளதானே என்று
அவர் சொல்லவில்லை. பேனா சொன்னது.

பதினான்கு வருஷம் அதை யாரும் படிக்கவில்லை, நானும்.
மொபெட் ஓடியது.
மின்வாரியத்தில் கணக்கெடுக்கும் வேலை,
ஆயிரத்துச் சொச்சம் வீடு, இரண்டு அரிசி ஆலை, ஒரு ஐஸ் பேக்டரி.
போன ஐப்பசியில்
கோரையாற்றுக் கரைச் சரிவில்
களிமண் சக்கரத்தைக் கவ்வியது, ஏறவில்லை.
இறங்கித் தள்ளினேன்.
மேலே ஓர் எருமை நின்று
கடைசிவரை பார்த்தது.

இப்போது கையில் பழகுநர் உரிமம். ஆறு மாதம்.
முன்னும் பின்னும் சிவப்பில் எல்.
பின்னால் ஆள் ஏற்றக் கூடாது,
சொல்லித்தருகிறவர் தவிர.
மகள் படித்துவிட்டுக் கேட்டாள்: அப்ப நான்?
நீ பஸ்ஸு.

கூத்தாநல்லூர் ரவூப் பாய் கடையில் ஒன்பது வண்டி.
முதலாவது நூற்றைம்பது சிசி, கறுப்பு,
ஏறினால் கட்டைவிரல் நுனி மட்டும் தரையில்.
அதை நான் ஓட்ட முடியாது, அதுதான் என்னை ஓட்டும்.
அடுத்தது மாப்பிள்ளைக்கு எடுத்தது.
கல்யாணம் நின்றுபோய்
முந்நூறு கிலோமீட்டரோடு வந்திருக்கிறது.
சீட்டில் பாலிதீன் பிரிக்கவில்லை.
தொடக் கூச்சமாக இருந்தது.
புல்லட்டில் சும்மா உட்கார்ந்து பார்த்தேன்,
உட்கார உரிமம் வேண்டாமே.

பாய் மைலேஜ் எல்லாம்
கூட வந்த லைன்மேன் கபிரியேலிடமே சொன்னார்.
கபிரியேல் என்னைக் காட்டினார்.
பாய் தலையாட்டிவிட்டு
மறுபடி கபிரியேலிடமே சொன்னார்.

மூலையில் ஒரு நூறு சிசி.
சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறம்,
கேரியரில் மூட்டை கட்டிய தழும்பு,
செயின் கவருக்குள் இன்னமும் வைக்கோல்.
ஏறினேன்.
இரண்டு குதிகாலும் பதிந்தன.

ஓட்டிப் பார்க்கையில் பின்னால் கபிரியேல், சட்டப்படி.
ஆனால் எதுவும் சொல்லித்தரவில்லை,
போனில் யாருக்கோ பீஸ் போன கதை.
இரண்டு தடவை அணைந்தது.
மூணாறு தலைப்பில் பார்த்திருக்கிறேன்,
ஷட்டர் திருகை லஸ்கர் சுற்றுவதை.
ஒரேயடியாய்த் தூக்கினால் கீழே கரை போகும்.
அரை விரற்கடை. நிறுத்தம். இன்னும் அரை.
இடக்கை விரல்களை அப்படி விட்டேன்.
தண்ணீர் எடுத்துக்கொண்டது போல
எடுத்துக்கொண்டது வண்டி.
கபிரியேல் போனில், சரி வைக்கிறேன் என்றார்.

முப்பத்தோராயிரம். நாலாயிரம் கடன்.
எல் ஸ்டிக்கரை நானே ஒட்டினேன், கொஞ்சம் கோணல்.

தேர்வு மாசி கடைசியில். எட்டு போடணும்,
கால் ஊன்றாமல்.
எங்கள் ஊரில் எட்டுக்கு இடம் எங்கே?
நெல் கொள்முதல் நிலையத்து சிமெண்ட் களத்தில்தான்,
ஞாயிற்றுக்கிழமை, இரண்டு அம்பாரங்களுக்கு நடுவே.
இதைச் சுற்றி ஒரு சுழி, அதைச் சுற்றி ஒரு சுழி.
தார்ப்பாய் நிழலில் விவசாயிகள்,
ஈரப்பதம் கூடுதல் என்று
நாலு நாளாய்த் திருப்பிவிடப்பட்டவர்கள்.
வீடு பூட்டியிருந்தால் நான் அட்டையில் எழுதுவேனே,
'கதவு பூட்டு, மறுமுறை' என்று,
அந்த முகம் எல்லோருக்கும்.

நாலாவது சுற்றில் கால் ஊன்றிவிட்டேன்.
வண்டி சாய்ந்து
சைலன்சரில் கொஞ்சம் நெல் ஒட்டியது.
யாரும் திட்டவில்லை.
ஈயம்பூசிய சொம்பிலிருந்து தண்ணீர் குடித்த ஒருவர்
வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:
காத்து நல்லாத்தான் வருது,
இன்னும் ரெண்டு சுத்து சுத்துங்க,
பதினேழுக்கு வந்துரும்.